கோடு நின்ற இடம்

மார்ச் 9

ஸ்கேன் பிரிவு இயற்பியலாளர் அவர்களுக்கு,

பதினான்கு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். நேற்று உங்கள் இயந்திரத்துக்குள் ஒரு மணி நேரம் குப்புறக் கிடந்த பிறகும் பேசாமல் இருந்தால் அதற்குப் பெயர் பொறுமை இல்லை, கோழைத்தனம்.

"நீங்கள்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஒரே வாடகை அறையில் நான்கு வருடம் கூடப் படுத்து எழுந்து படித்தவனை "நீ" என்று அழைக்கலாம். என் தங்கையைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டு, அந்தச் செய்தியை ஒரு மருந்துக்கடைக்காரர் வாயால் எனக்குத் தெரியவைத்த மனிதரை அப்படி அழைக்க நாக்கு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி மூன்றாம் தேதி ஒரு பசு என்னைக் கம்பித் தடுப்போடு வைத்து அழுத்தியது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை, வலியில் இருந்தது. என் வலது மேற்கை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டதில் எலும்பு கூடிவிட்டது, மணிக்கட்டுதான் எழும்பவில்லை. கையை நீட்டினால் கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி தொங்குகிறது. எலும்பைச் சுற்றி வரும் ரேடியல் நரம்பு அடிபட்டிருக்கிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். எத்தனையோ நாய்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். நசுங்கியதா, அறுந்ததா என்பதுதான் கேள்வி. நசுங்கியதென்றால் தானாக வளரும், தொடக்கூடாது. அறுந்ததென்றால் திறந்து தைக்க வேண்டும், தள்ளிப்போடக்கூடாது. ஊசி குத்தி மின்சோதனை செய்து பார்த்தார்கள். தசை பதில் பேசவில்லை என்று மட்டும் தெரிந்தது. ஏன் பேசவில்லை என்று தெரியவில்லை. "புது மாதிரி ஸ்கேன் ஒண்ணு இருக்கு, அதையும் பாத்துடுவோம்" என்று அறுவை மருத்துவர் அனுப்பிவைத்தார். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாவம் அவருக்கு என்ன தெரியும்?

வலக்கையைத் தலைக்கு மேலே நீட்டவைத்து, மணல்மூட்டை வைத்து, இடக்கையில் அவசரத்துக்கு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து உள்ளே தள்ளினார்கள். அப்போது ஒலிபெருக்கியில் ஒரு குரல்: "மூச்சு சாதாரணமா விடுங்க. கையை மட்டும் ஆட்டாதீங்க." நான் பந்தை அழுத்தினேன். உங்கள் டெக்னீஷியன் அம்மா ஓடிவந்தார்.

"என்ன சார், மூச்சு முட்டுதா?"

"இல்லம்மா. அந்தக் குரலை மாத்துங்க."

"அய்யோ, பாதிப் படம் போச்சே சார். மறுபடி முதல்லேருந்து எடுக்கணும்."

அதன்பிறகு அவரே பேசினார். அதுவரை சரி. ஆனால் சீட்டில் என் பெயரைப் பார்த்த பிறகும் நீங்கள் ஒதுங்கிக்கொள்ளவில்லை. அதையும் குறித்துவைத்திருக்கிறேன்.

படத்தில் என்ன தெரிந்தது என்று எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசி வேண்டாம். இந்தக் கை திரும்பாவிட்டால், கன்று குறுக்கே மாட்டிக்கொண்டு தவிக்கும் எந்த மாட்டுக்குள்ளும் இனி நான் கைவிட முடியாது. ஒரு மேஜையும் அதன்மேல் ஒரு முத்திரையும்தான் மிச்சம். அதனால் கேட்கிறேன், வேறு காரணம் இல்லை.

இடக்கையால் எழுதியது. கோணல்களைப் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்


மார்ச் 13

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உங்கள் நலத்தைக் கேட்கும் இடத்தில் நான் இருக்கிறேனா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மற்ற வரிகள் எல்லாம் கோணல். என்னைத் திட்டிய வரிகள் மட்டும் நேராக வந்திருக்கின்றன. உறையைப் பார்த்து உங்கள் தங்கை, "யாரு இது, குழந்தை எழுத்து மாதிரி இருக்கு?" என்றாள். நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்நேரம் உங்கள் வாசலில் நின்றிருப்பாள், நீங்கள் கதவைச் சாத்தியிருப்பீர்கள்.

சீட்டைப் பார்த்ததும் ஒதுங்கத்தான் நினைத்தேன். இந்த வேலை தெரிந்த வேறு ஆள் இங்கே இல்லை. அதுதான் காரணம்; அதிலே வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை.

படத்தைப் பற்றி. நரம்புக்குள் ஆயிரக்கணக்கான இழைகள், கட்டாகக் கட்டிய மெல்லிய குழாய்கள் மாதிரி. அதிலே இருக்கும் தண்ணீர் சும்மா இருக்காது, நெளிந்துகொண்டே இருக்கும். நீளவாக்கில் தாராளமாக நகரும். குறுக்கே போக சுவர்கள் தடுக்கும். எந்தத் திசையில் தண்ணீர் அதிகம் நகர்கிறது என்று இயந்திரம் புள்ளி புள்ளியாக அளக்கிறது. டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. என்பது அவ்வளவுதான். அந்தப் புள்ளிகளைத் திசை பார்த்துக் கோத்தால் நரம்பு ஒரு கோடாக எழுந்து வரும்.

உங்கள் கையில் கோடு அக்குளிலிருந்து நன்றாகவே வருகிறது. எலும்பு முறிந்த இடத்தில் நின்றுவிடுகிறது. இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றுமில்லை. அதற்குக் கீழே மெலிதாகத் திரும்பத் தொடங்குகிறது. "தொடர்ச்சி அற்றுப்போயிருக்கலாம்" என்று அறிக்கை கொடுத்திருக்கிறேன். அதைப் பார்த்து அறுவை மருத்துவர் ஏப்ரல் இரண்டாம் தேதி திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இதை எழுத எனக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்காதீர்கள்.

உங்கள் அன்புள்ள,
தங்கை வீட்டுக்காரன்


மார்ச் 17

ஸ்கேன் பிரிவு இயற்பியலாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தண்ணீர் நெளிவதைப் பார்த்து நரம்பைக் கண்டுபிடிப்பது கெட்டிக்காரத்தனம்தான். உங்களுக்குக் கெட்டிக்காரத்தனம் இல்லையென்று நான் எப்போதும் சொன்னதில்லை. பழைய அறையில் பழுதான மேஜைவிசிறியைப் பிரித்துப்போட்டு, மூன்று திருகாணி மிச்சம் வைத்து, அதையும் ஓடவைத்தவர் நீங்கள்.

என் கால்நடை மருத்துவமனையில் இப்போது பாதி வேலை கம்பவுண்டரம்மா செய்கிறார். நான் சொல்லச் சொல்ல அவர் ஊசி போடுகிறார். நேற்று ஒரு கிடா என்னை ஏற இறங்கப் பார்த்தது, "இவன் எதுக்கு இங்க?" என்று கேட்பது போல. மணிக்கட்டைப் பட்டையில் கட்டி வைத்திருக்கிறேன். சட்டைப் பொத்தான் போட கால்மணி நேரமாகிறது. துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். வைத்துக்கொண்டால் அவனோடு பேச வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நரம்பு முழுக்க அறுந்தால் கீழ்த்துண்டு சில வாரத்திலேயே சிதைந்துபோகும். இழை மட்கும், உங்கள் குழாய்கள் குலைந்து கிடக்கும். எனக்கு அடிபட்டுப் பத்து வாரம் ஆகிறது. அறுந்த இடத்துக்குக் கீழே உங்கள் கோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்பத் தொடங்குகிறது? மாட்டு டாக்டருக்குத் தோன்றுகிற கேள்வி மெத்தப் படித்த உங்களுக்குத் தோன்றவில்லையா?

பதில் வேண்டியதில்லை. இரண்டாம் தேதி கத்தி பதில் சொல்லும்.

கால்நடை மருத்துவர்


மார்ச் 24

அன்புள்ள மச்சானுக்கு,

நான் தவறு செய்துவிட்டேன்.

முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், கீழே தேட வேண்டாம் என்று. நீங்கள் கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. காலையில் போய் உங்கள் படத்தை மறுபடி திறந்தேன்.

புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கோடு இழுக்கும்போது, "திசை இந்த அளவுக்குக் கீழே பலவீனமானால் நிறுத்திவிடு" என்று கணினிக்கு ஒரு வரம்பு சொல்லிவைப்போம். அந்த வரம்பை நான் நல்ல கைகளிலிருந்து எடுத்தேன். என் கை, உங்கள் தங்கை கை, இங்கே வேலை செய்கிறவர்கள் கை. எல்லாம் அடிபடாத நரம்பு. உங்களுடையது நசுங்கி வீங்கிய நரம்பு. அங்கே சுவர்கள் தளர்ந்து, தண்ணீர் பக்கவாட்டிலும் போகிறது. திசை பலவீனமானதும் கணினி நான் சொன்னபடி நின்றுவிட்டது. கோடு நின்ற இடம் நரம்பு அறுந்த இடம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அது என் வரம்பு தீர்ந்த இடமாகவும் இருக்கலாம்.

வரம்பைக் குறைத்துப் பார்த்தேன். கோடு கடந்து போகிறது. ஆனால் நீங்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படக் கூடாது. வரம்பைக் குறைத்தால் பக்கத்துத் தசையும் கோடு கோடாக முளைக்கும். தசைக்கும் திசை உண்டு. நான் பார்ப்பது நரம்பா, நரம்பு மாதிரி வேஷம் போட்ட தசையா என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. இன்னும் மெல்லிய வெட்டுகளாக, இரண்டு கையையும், மறுபடி எடுக்க வேண்டும்.

அறுவை மருத்துவருக்கு என் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்துப் போட்டு எழுதிக்கொடுத்துவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் வர முடியுமா?

தேவையில்லாமல் திறந்தால் பிழைத்திருக்கும் இழையும் போகலாம். தேவையிருந்தும் காத்திருந்தால் தசை வாடிப்போகும். ஒரு வருடத்துக்கு மேல் அது நரம்புக்காகக் காத்திருக்காது. இரண்டாவது தடவையும் நான் தவறினால் போவது உங்கள் கை. அதனால் என் பேச்சை நம்பி வராதீர்கள். படத்தை நீங்களே பாருங்கள். பார்க்கத் தெரிந்தவர் நீங்கள்.

அன்புள்ள,
தங்கை வீட்டுக்காரன்


ஏப்ரல் 1

ஐயா,

நேற்று அறுவை மருத்துவரைப் பார்த்தேன். நாளை கத்தி இல்லை. ஜூன் கடைசி வரை காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இதை எழுதி முடித்துவிட்டால் கடமை முடிந்தது. ஆனாலும் இருபத்தெட்டாம் தேதி நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. எதையும் மறக்காதவன் என்று என்னை எல்லோரும் பழிக்கிறார்கள். நல்லதையும் நான் மறப்பதில்லை.

நான் அரைமணி முன்னாலேயே வந்துவிட்டேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இயந்திரத்தில் யாரோ குப்புறக் கிடக்கிறார்கள். வலக்கை நீட்டி, மணல்மூட்டை வைத்து, நான் கிடந்த அதே நிலை. காலுறையில் ஓட்டை. அந்த ஓட்டையை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டேன்.

"அவருக்கு என்னம்மா?" என்று உங்கள் டெக்னீஷியனிடம் கேட்டேன்.

"அவருக்கு ஒண்ணுமில்ல சார். உங்களுக்குத்தான். மூணு நாளா வேலை முடிஞ்சதும் உள்ள போய்ப் படுத்துக்கறாரு. எந்த அமைப்புல தசையும் நரம்பும் நல்லாப் பிரிஞ்சு தெரியுதுன்னு அவரு கையில பாக்கறாரு. தோள்பட்டை பிடிச்சு நேத்து கழுத்தைத் திருப்ப முடியல."

"என் கையில பாக்கறதுதானே?"

"உங்களை எத்தனை மணி நேரம் சார் அப்படிப் போட்டு வைக்கறது? நீங்கதான் குரலைக் கேட்டாலே பந்தை அழுத்திடறீங்களே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

படம் எடுத்து முடித்த பிறகு திரைக்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள், பின்னால் நான். உங்கள் தலை மறைத்தது. "கொஞ்சம் தள்ளு, தெரியல" என்றேன். பதினான்கு வருடத்துக்குப் பிறகு உங்களிடம் நான் நேரில் சொன்ன முதல் வார்த்தை இப்படியா இருக்க வேண்டும் என்று பிறகு வருத்தப்பட்டேன். இன்னும் கொஞ்சம் கடுமையாக ஏதாவது தயார்செய்து வைத்திருந்தேன்.

வரம்பைக் குறைத்ததும் தசைக்கோடுகள் புதர் மாதிரி முளைத்தன. நீங்கள் ஒவ்வொன்றாக நீக்கினீர்கள். ஒன்றை நீக்குமுன் என் இடக்கைப் படத்தில் அதே உயரத்தைப் பார்த்தீர்கள், பிறகு உங்கள் கைப்படத்தில். அப்புறம்தான் எடுத்தீர்கள். மிஞ்சியது மூன்று நான்கு இழை, தேய்ந்த கயிறு மாதிரி. ஆனால் முறிவைக் கடந்து கீழே போனது. "இது நரம்பு" என்று தொட்டுக் காட்டினீர்கள். பக்கத்தில் இன்னொன்றைக் காட்டி, "இது எது?" என்று கேட்டேன்.

"தெரியல."

"தெரியலன்னா?"

"நரம்பாவும் இருக்கலாம், தசையாவும் இருக்கலாம். எனக்குத் தெரியல மச்சான்."

அந்த "தெரியல"தான் என்னைக் காத்திருக்க வைத்தது. எல்லாவற்றையும் நரம்பு என்று நீங்கள் சொல்லியிருந்தால், ஒன்றையும் நம்பாமல் நாளை நான் அறுவை மேஜையில் படுத்திருப்பேன்.

அறுவை மருத்துவர் உங்கள் கடிதத்தை மேஜைமேல் வைத்திருந்தார். "தன் அறிக்கை தப்புன்னு தானே எழுதிக் குடுக்கற ஆளை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. உங்களுக்கு வேண்டியவரா?" என்று கேட்டார். "ஒரு காலத்துல" என்றேன்.

இதனால் கல்யாண விஷயம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது வேறு கணக்கு. அது அப்படியே இருக்கிறது.

கால்நடை மருத்துவர்


மே 12

அன்புள்ள மச்சானுக்கு,

ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நல்ல செய்தி இருந்தால் எழுதியிருப்பீர்கள். கெட்ட செய்தி இருந்தால் நிச்சயம் எழுதியிருப்பீர்கள். அதனால் இரண்டும் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் என்பார்கள். அடிபட்ட இடத்திலிருந்து முதல் தசைக்கு எவ்வளவு தூரம் என்று உங்கள் படத்திலேயே அளந்து வைத்திருக்கிறேன். தினமும் காலையில் நாள்காட்டியைப் பார்க்கிறேன். "என்னத்தை எண்ணறீங்க?" என்று உங்கள் தங்கை கேட்டாள். போன வாரம் சொல்லிவிட்டேன். முழுசாக. அழவில்லை. "அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான் யாரு போடறாங்க?" என்றுதான் கேட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பயந்துபோய் உங்களிடம் கல்யாணத்தை மறைத்தேன் என்று நினைக்கிறீர்கள். சொல்ல மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் உங்களுக்கு யார் யார் துரோகம் செய்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மருத்துவக் கல்லூரி இடத்தைத் தட்டிப் பறித்தவர்கள், வேண்டாத ஊருக்கு மாற்றல் வாங்கிக் கொடுத்தவர்கள், உங்கள் குடையைத் திருப்பித் தராதவர்கள். அந்தப் பட்டியலில் நானும் ஒரு பெயராகச் சேர வேண்டாம் என்று பேசாமல் திரும்பினேன். பேசாததாலேயே பட்டியலில் முதல் பெயராகிவிட்டேன்.

இது சமாதானம் இல்லை. நீங்கள் திட்டியிருந்தாலும் நான் சொல்லியிருக்க வேண்டும். அதிலும் தவறு என்னுடையது.

ஒரு வரி போதும், மச்சான். தசை துடித்தால் எழுதுங்கள். துடிக்காவிட்டாலும் எழுதுங்கள். இன்னும் அறுவைக்கு நேரமிருக்கிறது.

அன்புள்ள,
தங்கை வீட்டுக்காரன்


ஜூன் 3

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை மூன்று வாரமாக மருந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத ஒன்றும் இல்லை. தினமும் காலையில் மேஜை விளிம்பில் கையைத் தொங்கவிட்டு, எழும்பு எழும்பு என்று பார்ப்பேன். எழும்பாது. மே மாதம் பூராவும் உன்னைத் திட்டினேன், அந்த மூன்று நான்கு இழையைக் காட்டி என்னை ஏமாற்றிவிட்டாய் என்று. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று மேஜைமேல் ஒரு நாய். காதில் சீழ். கம்பவுண்டரம்மா பிடித்துக்கொண்டிருந்தார். அது திமிறிக் கடிக்க வந்தது, நான் ஓங்கித் திட்டினேன். அவர் என்னையே பார்த்தார்.

"டாக்டர், அந்தக் கையை யாரு தூக்குனது?"

"எந்தக் கை?"

"உங்க கைதான்! நாயைத் திட்டும்போது பட்டையை விட்டு மேல வந்துச்சு."

"உங்களுக்குக் கண்ணு மங்கிடுச்சும்மா."

"மறுபடி திட்டுங்க பாப்போம்."

பட்டையை அவிழ்த்துவிட்டு மறுபடி திட்டினேன். அந்த நாய் வாழ்நாளில் அவ்வளவு திட்டு வாங்கியிருக்காது. மணிக்கட்டு எழும்பியது. ஒரு விரற்கடை உயரம். இரண்டு நொடி நின்றது, பிறகு விழுந்தது. நாய்க்காரப் பெண் அழத் தொடங்கிவிட்டாள், நாய்க்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து. நான் ஏன் அழுகிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இன்று காலை ஒன்பது தடவை எழும்பியது. விரல்கள் இன்னும் வரவில்லை. கட்டைவிரல் எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவரை நரம்பு போய்ச்சேர வேண்டும். எனக்குப் பாடம் தெரியும். அறுவை மருத்துவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாம திறக்காம இருந்தது நல்லதாப் போச்சு" என்றார். "நாம இல்ல. அவரு" என்றேன்.

உன் இயந்திரத்தைப் பார்த்து நான் வியக்கிறேன். தண்ணீரின் நெளிவில் நரம்பைப் படிக்கிற வித்தை சாதாரணம் இல்லை. ஆனால் இயந்திரம் முதல் தடவை என்ன காட்டியது என்று நமக்குத் தெரியும். நான் வியப்பது உன் மார்ச் இருபத்துநாலாம் தேதிக் கடிதத்தை. எட்டு வருடத்துக்கு முன் ஒரு குதிரைக்கு நான் மருந்தின் அளவைத் தப்பாகக் கொடுத்தேன். அது செத்துப்போனது. "நோய் முத்திப்போச்சு" என்று குதிரைக்காரரிடம் சொன்னேன். அவர் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் முதல் வரி மாதிரி ஒரு வரி எழுத எனக்குத் தைரியம் வந்ததில்லை. அதுவும் நீ எழுதியது யாருக்கு? நீ தவறுவதைப் பார்க்கப் பதினான்கு வருடம் காத்திருந்தவனுக்கு.

கல்யாணத்தை நீ சொல்லாதது தவறு. நான் மறக்கவில்லை, மறப்பேன் என்று வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஆனால் பட்டியல் பற்றி நீ எழுதியது உண்மை. குடையைத் திருப்பித் தராதவர் செத்தே மூன்று வருடமாகிறது. இன்னும் அவர்மேல் எனக்குக் கோபம்.

தங்கையை வரச் சொல். பொத்தான் நானே போட்டுக்கொள்கிறேன், அதற்காக வர வேண்டாம். சும்மா வரட்டும். நீ கூட வந்தால் துரத்த மாட்டேன். நல்ல காலுறை போட்டுக்கொண்டு வா.

அடியில் என்ன போடுவது என்று வெகு நேரமாக யோசிக்கிறேன். கால்நடை மருத்துவர் என்று போட்டால் உன்னை மறுபடி வெளியே நிறுத்தியதாகும். மச்சான் என்று போட இன்னும் கொஞ்சம் நாளாகும். வெறும் கையெழுத்தாவது போடலாம் என்று வலக்கையில் பேனாவைப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு ஒத்துழைத்தது, கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. பேனா உருண்டு தரையில் விழுந்தது. இடக்கையால் போட்டால் அது என் கையெழுத்து இல்லை. அந்த விரல் வரும்போது வரட்டும். இந்தக் கடிதம் இப்போதே உனக்கு வந்தாக வேண்டும். கையெழுத்து இல்லாமலே தபாலில் போடுகிறேன்.